ஏழு புத்தக வித்தியாசம்

முதல் நாள் – கெய்ரோ

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. என்னுடையது கருப்பு அட்டை, உள்ளே 66 புத்தகம். மனைவியுடையது சிவப்பு அட்டை, 73 புத்தகம். நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ., அதாவது புரொட்டஸ்டன்ட்; அவள் தூத்துக்குடி ஆர்.சி., கத்தோலிக்கம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாகியும் தீராத வழக்கு இது. "ஏழு புத்தகத்தைக் கிழிச்சுப் போட்டது உங்க ஆளுங்கதானே?" என்பாள். "இல்லாததைச் சேர்த்தது உங்க ஆளுங்க" என்பேன். தோபித்து, யூதித்து, ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எங்கள் பக்கத்தில் இவற்றுக்குத் தள்ளுபடி ஆகமங்கள் என்று பெயர். அவள் காதில் அது துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி விழுகிறதாம்.

புனித நாடு பயணத்துக்கு ஊரிலிருந்து 34 பேர் கிளம்பியிருக்கிறோம். மற்றவர்கள் கல்லறையையும் கலிலேயாக் கடலையும் பார்க்க வந்தவர்கள். நான் முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். இந்தப் புத்தகம் எப்படி எழுதப்பட்டு, யார் யார் கை மாறி, எப்படித் தப்பி என் கைக்கு வந்தது என்று பார்க்க வந்திருக்கிறேன். தினமும் ராத்திரி ஒரு பதிவு போடுவதாக உத்தேசம்.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயம். சின்னக் கட்டடம்தான். உள்ளே படம் எடுக்க விடவில்லை. இப்போது நிற்பது 1890-களில் திரும்பக் கட்டியது. பழைய கட்டடத்தில் பெண்கள் உட்காரும் மாடியை ஒட்டி, சுவரில் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் ஓர் அறை. அதுதான் கெனிசா. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது யூதர் வழக்கம். கிழிந்துபோனாலும் சேர்த்துவைத்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் புதைக்கவில்லை, போட்டுக்கொண்டே போனார்கள், நூற்றாண்டுக் கணக்கில். நாளாக நாளாக எபிரெய எழுத்தில் இருந்த எல்லாமே உள்ளே விழுந்திருக்கிறது. கல்யாண ஒப்பந்தம், கடன் பத்திரம், மலபார் கரையோடு நடந்த மிளகு வியாபாரக் கடிதம், குழந்தைகளின் அரிச்சுவடி வரைக்கும்.

1896 மே மாதம், ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் இந்தப் பக்கத்தில் வாங்கிப்போன பழந்தாள்களைக் கேம்பிரிட்ஜில் எபிரெய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அதில் ஒரு தாளைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சீராக், எபிரெயத்தில்! அதுவரை கிரேக்க மொழிபெயர்ப்பு, சிரியாக் மொழிபெயர்ப்பு என்றுதான் இருந்தது, மூலம் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே ஷெக்டர் கெய்ரோவுக்கு வந்து, தூசியில் மூச்சுத் திணறத் திணற அறையைக் காலி செய்து, 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்.

"சீராக் எங்க புத்தகம்" என்றாள் மனைவி, வாசலிலேயே. "எபிரெயத்துல இல்லாத புத்தகம்னு சொல்வீங்களே?"

முதல் நாளே தோல்வி. பக்கத்தில் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் அருங்காட்சியகத்தில், 1945-இல் நாக் ஹம்மாதியில் ஜாடிக்குள் கிடைத்த பாப்பிரஸ் புத்தகங்கள் இருக்கின்றன. தோமா நற்செய்தி அதில்தான் வருகிறது. அது என் பைபிளிலும் இல்லை, அவள் பைபிளிலும் இல்லை. ஆகவே அமைதியாகப் பார்த்தோம்.

இரண்டாம் நாள் – சீனாய் போகும் வழி

நாள் முழுக்க பஸ். சூயஸ் கால்வாய்க்கு அடியில் சுரங்கப்பாதை, அப்புறம் மணல், செக்போஸ்ட், மணல், செக்போஸ்ட். எங்களோடு வந்த சபைப் போதகர் ஐயர் பஸ்ஸில் கீர்த்தனை பாட வைத்தார். மத்தியானம் பொட்டலச் சாதத்தோடு சாயர்புரத்து ஆச்சி கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய்.

ஆச்சிக்கு 78 வயது, பெயர் எஸ்தர். நான் கையில் குறிப்பு நோட்டோடு அலைவதைப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, அப்பம் மோசே கைப்பட எழுதினது எங்க இருக்கு?" என்றார்.

"எங்கயும் இல்ல, ஆச்சி."

"பவுலு எழுதினது?"

அதுவும் இல்லை. பைபிளில் உள்ள எந்தப் புத்தகத்துக்கும் முதன்முதலில் எழுதிய கைப்பிரதி கிடையாது. பாப்பிரஸ் தண்டைக் கீறி ஒட்டிய தாளிலோ, மயிர் நீக்கிப் பதப்படுத்திய ஆட்டுத் தோலிலோ எழுதினார்கள். ஈரம் பட்டால் இரண்டும் போச்சு. நமக்கு வந்ததெல்லாம் பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி. புதிய ஏற்பாட்டில் மிகப் பழையது என்று பலரும் சொல்கிற துண்டு மான்செஸ்டரில் இருக்கிறது, 9 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. யோவான் 18-ஆம் அதிகாரத்தில் சில வரி, இரண்டு பக்கமும் எழுத்து. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதையும் எகிப்தில்தான் வாங்கினார்கள். காய்ந்த ஊர், அதனால் தாள் தங்கியது.

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க தாத்தா எழுதின வீட்டுப் பத்திரமே இப்பம் இல்ல" என்றார்.

மூன்றாம் நாள் – புனித கேத்தரின் மடம்

1,500 மீட்டர் உயரம். காலையில் பற்கள் தந்தியடிக்கும் குளிர். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் கட்டிய கோட்டை மதில், உள்ளே மோசே பார்த்த முட்செடி என்று காட்டப்படும் செடி. கூட்டம் செடியைச் சுற்றி நின்றது. என் கண்ணெல்லாம் மேலே, நூலகம் இருக்கும் பக்கம். நம்மை உள்ளே விடமாட்டார்கள். 3,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், கிரேக்கம், அரபி, சிரியாக், ஜார்ஜியன் என்று பதினொரு மொழியில். சிலவற்றில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதியிருப்பார்கள், தோல் விலை அப்படி. பல நிற ஒளிகளில் படம் எடுத்து, அந்தச் சுரண்டிய எழுத்தை இப்போது படிக்கிறார்கள்.

நான் தேடி வந்தது ஒரே புத்தகம். அது இங்கே பெரும்பாலும் இல்லை! கோடெக்ஸ் சினைட்டிகஸ். கோடெக்ஸ் என்றால் சுருளாக இல்லாமல் தாள் தாளாகக் கட்டிய புத்தகம். நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதியது, செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு நான்கு பத்தி. புதிய ஏற்பாடு முழுசாக இருக்கும் கைப்பிரதிகளில் இதுதான் மிகப் பழையது. 1844-இல் இங்கே வந்த ஜெர்மன் அறிஞர் டிஷண்டார்ஃப் 43 தாள்களை வாங்கிப்போனார். நெருப்பில் போடக் கூடையில் வைத்திருந்தார்கள், நான் காப்பாற்றினேன் என்று அவர் எழுதினார். அப்படியெல்லாம் இல்லை என்று மடத்தார் இன்றுவரை மறுக்கிறார்கள். எனக்கும் மடத்தார் பக்கம்தான் மனசு போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தவர்கள், ஒருவர் வந்த வாரம் பார்த்தா அடுப்பில் போடுவார்கள்? 1859-இல் திரும்ப வந்து, ரஷ்யச் சக்கரவர்த்தியின் பேரில் 347 தாள்களைக் கொண்டுபோனார். கேட்டதும் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த கடிதம் மடத்தில் இருக்கிறது, புத்தகம் இல்லை. 1933-இல் சோவியத் அரசு அதை ஒரு லட்சம் பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றது. 1975-இல் மடத்தின் வடக்கு மதிலில் மூடிக்கிடந்த ஓர் அறையிலிருந்து இன்னும் 12 தாள்களும் துண்டுகளும் வெளிவந்தன. இப்படி லண்டன், லைப்சிக், பீட்டர்ஸ்பர்க், சீனாய் என்று நான்கு ஊரில் ஒரே புத்தகம். பாகப்பிரிவினைச் சொத்து மாதிரி.

நல்லவேளை, இணையத்தில் முழுசாக ஏற்றியிருக்கிறார்கள். மடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஃபோனில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். எனக்குக் கிரேக்கம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் திருத்தம் எந்த மொழியிலும் கண்ணில் படும். வரிக்கு மேலே சின்ன எழுத்து, ஓரத்தில் அம்புக்குறி மாதிரி, அடித்துவிட்டு வேறு. எழுதியவர்கள் மூன்று நான்கு பேர். அதில் ஒருவருக்கு எழுத்துக்கூட்டல் ரொம்ப சுமார். அவர் பிரதிக்குப் புரூஃப் பார்த்த மனுஷனை நினைத்துக்கொண்டேன்.

மாற்கு 16-ஐத் திறந்தேன். எட்டாம் வசனத்தோடு முடிகிறது. பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள், பயந்துபோய் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் பைபிளில் வரும் மீதிப் பன்னிரண்டு வசனம் இதில் கிடையாது. ஐயரிடம் காட்டினேன். அவருக்கு இது செமினரியிலேயே தெரியுமாம். "பிரசங்கத்துல சொல்றதில்ல" என்று சிரித்தார்.

அப்புறம் கடைசிப் பக்கங்கள். வெளிப்படுத்தலோடு புத்தகம் முடியவில்லை. பர்னபாவின் நிருபம், அதற்குப் பின் எர்மாவின் மேய்ப்பன். எழுதியவர்களுக்கு இவையும் ஒரே அட்டைக்குள் வரவேண்டியவை. பழைய ஏற்பாட்டுப் பக்கம் போனால் தோபித்து, யூதித்து, சீராக் எல்லாம் இருக்கின்றன. மனைவி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் மக்கபேயரில் ஒன்றாம் புத்தகமும் நான்காம் புத்தகமும் இருக்கின்றன. நான்கு அவளிடமும் இல்லை. இது 66-உம் இல்லை, 73-உம் இல்லை.

இந்தப் பிரதி எழுதப்பட்ட நூற்றாண்டிலேயே, 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் தம் சபைகளுக்கு வருஷா வருஷம் ஈஸ்டர் தேதி சொல்லி அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு பட்டியல் போட்டார். இன்று நாம் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் அதே 27 புத்தகம் அப்படியே வரும் பட்டியல்களில் நமக்குக் கிடைத்த முதலாவது அதுதான். அவர் புதிதாக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு சுவிசேஷமும் பவுலின் நிருபங்களும் அவருக்கு இருநூறு வருஷம் முன்பே சபைகளில் வாசிப்பில் இருந்தவை. ஓரத்தில் இருந்த சிலதுதான் ஓர் ஊரில் உண்டு, ஓர் ஊரில் இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தன. எர்மாவின் மேய்ப்பனைப் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்கலாம், பட்டியலில் சேராது என்றார் அவர். அந்த இரண்டாந்தரப் பட்டியலில் தோபித்து, யூதித்து, சீராக்கோடு இன்னொரு பெயரும் இருக்கிறது: எஸ்தர். ஆச்சியிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் – கும்ரான்

எகிப்திலிருந்து இஸ்ரேலுக்குள் போகும் தாபா எல்லையில் மூன்று மணி நேரம் நின்றோம். ஒரு அதிகாரி என் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எதற்கு என்று மூன்று முறை கேட்டார். அதனால் சாக்கடல் கரையில் இருக்கும் எங்கேதியின் பழைய ஜெப ஆலயம் பஸ் ஜன்னலோடு போயிற்று. 1970-இல் அங்கே எரிந்துபோன பேழைக்குள் சுருளாக ஒரு கரிக்கட்டை கிடைத்தது. தொட்டால் உதிரும். நாற்பத்தைந்து வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்து, கென்டக்கியில் பிரென்ட் சீல்ஸ் குழுவினர் கம்ப்யூட்டருக்குள்ளேயே அதை விரித்தார்கள். லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரம். நம் கையில் இருக்கும் எபிரெயப் பாடத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானில் இறங்கியபோது மூடுவதற்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே என்று சொன்னார்கள். காதுக்குள் ஏதோ அடைத்தது. இடிந்த சுவர்கள், படி இறங்கும் முழுக்குத் தொட்டிகள். ஓர் அறையை எழுத்தறை என்று காட்டினார்கள், மைக்கூடுகள் கிடைத்த இடம். விளிம்பில் நின்று பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பாறை நெற்றியில் இரண்டு ஓட்டைகள். நான்காம் குகை. அதிலிருந்து மட்டும் சுமார் 15,000 துண்டுகள் வந்தன.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1947 வாக்கில் தாமிரே இனத்துப் பெதூயின் (பாலைவன நாடோடி) பையன் ஒருவன் ஆடு தேடிப் போனான். குகைக்குள் கல்லை எறிந்தான், பானை உடையும் சத்தம். முதல் குகையில் ஏழு சுருள். அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் மொத்தம் பதினொரு குகை, 900-க்கும் மேற்பட்ட பிரதிகளின் மிச்சம். அறிஞர்கள் ஒரு குகை கண்டுபிடித்தால் பெதூயின்கள் அதற்குள் அடுத்ததைக் கண்டுபிடித்துவிடுவார்கள். துண்டுகளைச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பவுண்டு என்று விலை பேசி வாங்கவேண்டியிருந்தது.

எனக்கு முக்கியம், குகைக்குள் என்னென்ன புத்தகம் என்பது. உபாகமம் சுமார் முப்பது பிரதி. ஏசாயா இருபதுக்கு மேல். சங்கீதம் எல்லாவற்றையும் விட அதிகம், ஒரு சுருளில் 150-ஐத் தாண்டி 151-ஆம் சங்கீதமும் இருக்கிறது. எரேமியா இரண்டு அளவில், நமக்குத் தெரிந்த நீளத்தில் ஒன்று, கிரேக்க மொழிபெயர்ப்புக்கு மூலம் போலத் தோன்றும் சின்னது ஒன்று. இரண்டையும் ஒரே கூட்டத்தார் வைத்திருந்திருக்கிறார்கள், சண்டை போட்டதாகத் தெரியவில்லை. தோபித்து அரமேயத்திலும் எபிரெயத்திலும் இருக்கிறது. (முழங்கையால் ஓர் இடி வாங்கினேன்.) ஏனோக்கு நிறைய. யூதா நிருபம் மேற்கோள் காட்டுகிற அதே ஏனோக்கு, இன்று எத்தியோப்பியா, எரித்திரியா பக்கத்துச் சபைகளின் வேதத்தில் மட்டும் இருப்பது.

எபிரெய வேதத்தில் உள்ள எல்லாப் புத்தகத்திலும் ஒரு துண்டாவது கிடைத்தது, ஒன்றைத் தவிர. இதை கைடு மைக்கில் சொல்லிவிட்டார்.

"எஸ்தரா?" என்றார் ஆச்சி. "ஏன், எம் பேருக்கு என்ன கொறச்ச?"

"அந்தப் புத்தகத்துல கடவுள் பேரே வராது, அதனால இருக்கலாம்" என்றார் ஐயர்.

"பேரச் சொன்னாத்தான் ஆளா?" என்று ஆச்சி பஸ் ஏறிவிட்டார்.

ஐந்தாம் நாள் – பெத்லகேம்

பிறப்பின் ஆலயத்தில் வரிசை இரண்டு மணி நேரம். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் ஒட்டியிருக்கும் கத்தோலிக்க ஆலயத்தில் படி இறங்கி ஜெரோம் குகைக்குப் போனேன். மேலே முற்றத்தில் அவருக்குச் சிலை, காலடியில் மண்டையோடு. ஆளில்லாத குகை, சில்லென்று இருந்தது.

386-இல் இந்த ஊருக்கு வந்தவர் 420-இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். லத்தீன் பைபிளைச் சரிசெய்ய ஆரம்பித்து, கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தால் போதாது, எபிரெயத்துக்கே போகவேண்டும் என்று முடிவு செய்தார். இதற்காக ஒரு யூத ஆசிரியரிடம் படித்தார். அவர் தன் ஆட்களுக்குப் பயந்து ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுப்பாராம். எபிரெயத்தில் இல்லாத புத்தகங்கள் பட்டியலுக்கு வெளியே என்றும் எழுதிவைத்தார். இதை நான் மனைவியிடம் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன். உங்கள் புனிதர், உங்கள் வாய்.

"முழுசா வாசிங்க" என்றாள்.

முழுசாக வாசித்தால், ஆயர்கள் கேட்டுக்கொண்டதால் அதே ஜெரோம் தோபித்தை மொழிபெயர்த்திருக்கிறார். அரமேயப் பிரதியை ஒருவர் எபிரெயத்தில் சொல்லச் சொல்ல, இவர் லத்தீனில் சொல்ல, எழுத்தர் எழுத, ஒரே நாளில் முடித்தார். முன்னுரையில் அவரே ஒத்துக்கொள்கிறார். ஒரே நாளில் பதினாலு அதிகாரம்! எங்கள் அச்சகத்தில் தேர்தல் நோட்டீஸுக்குக்கூட நாங்கள் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

ஆக, சந்தேகப்பட்டவரே உள்ளேயும் விட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 1534-இல் புரொட்டஸ்டன்ட் பிரிவைத் தொடங்கிய லூத்தர் தம் ஜெர்மன் பைபிளில் அவற்றைத் தூக்கி எறியவில்லை, இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக வைத்தார், வாசிக்க நல்லது என்று சொல்லி. 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அவையும் வேதமே என்று உறுதி செய்தது. 1611-இன் ஆங்கில பைபிளிலும் அவை தனிப் பகுதியாக இருந்தன. தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரி சூல்ட்சே காலத்தில் அச்சான தமிழ் வேதத்தோடும் 1728-இல் வந்தன. அதாவது எங்கள் ஆட்களே தமிழில் போட்டிருக்கிறார்கள்! பிறகு எப்போது போயின? 1820-களில் லண்டன் வேதாகமச் சங்கத்துக்குள் பெரிய தகராறு. இந்தப் புத்தகங்களை அச்சிட இனிப் பணம் தருவதில்லை என்று 1826-இல் முடிவானது. உலகம் பூரா அந்தச் சங்கம் போட்ட பைபிள்கள் மெலிந்தன. என் கருப்பு அட்டையின் கனத்தில் கொஞ்சம் வேதசாஸ்திரம், கொஞ்சம் பட்ஜெட்.

"நான் கிழிச்சதுன்னுதானே சொன்னேன்" என்றாள். பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் கந்தோ குடும்பத்தார் கடை. 1947-இல் பெதூயின்கள் சுருளைக் கொண்டுவந்தது, செருப்பு வியாபாரமும் பழம்பொருள் வியாபாரமும் பார்த்த கந்தோவிடம்தான். அவர் மூலமாக நான்கு சுருளை எருசலேம் சிரியன் ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் சாமுவேல் 24 பவுண்டு கொடுத்து வாங்கினார். மீதி மூன்றை எபிரெயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுகேனிக் வாங்கினார். மார் சாமுவேல் தம்முடையதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1954 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வரி விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து ஆள் வைத்து ரெண்டரை லட்சம் டாலருக்கு வாங்கியவர் யிகாயேல் யாதின், சுகேனிக்கின் மகன். அப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார்.

ஆறாம் நாள் – எருசலேம்

இஸ்ரேல் அருங்காட்சியகம். வெளியே ஜாடி மூடி வடிவத்தில் வெள்ளைக் குவிமாடம், அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. எதிரில் கருங்கல் சுவர். உள்ளே இருட்டு. நடு மேடையில், சுருள் சுற்றும் கட்டையின் பிடி போல ஒன்று, அதைச் சுற்றி ஏசாயாச் சுருள். காட்சிக்கு இருப்பது அச்சுப்பிரதி. அசலை வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறார்கள். ஏமாற்றமாக இருந்தாலும் நியாயம்தான். 1950-களில் இதே ஊர் ராக்ஃபெல்லர் அருங்காட்சியகத்தில் அறிஞர்கள் ஜன்னல் வெயிலில் துண்டுகளைப் பரப்பி, செல்லோடேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பசை தோலுக்குள் இறங்கிவிட்டது. அதை எடுப்பதற்கென்றே நிபுணர்கள் பல வருஷமாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். குகையில் இரண்டாயிரம் வருஷம் தாங்கியதற்கு நம் கையில் சில வருஷம் தாங்கவில்லை.

சுருள் 7 மீட்டருக்குச் சற்று மேல். பதினேழு தோல் துண்டுகளைத் தைத்தது, 54 பத்தி, 66 அதிகாரமும் முழுசாக. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கூட்டம் நகர நகர நான் நாற்பதாம் அதிகாரத்துக்கு, 33-ஆம் பத்திக்கு, நேராக வந்து நின்றேன். இதற்காகத்தான் பூதக்கண்ணாடி.

புல் உலர்ந்து பூ உதிரும். எபிரெயத்தில் ஏழாம் வசனமும் எட்டாம் வசனமும் இதே வார்த்தைகளில்தான் தொடங்குகின்றன. எழுதியவர் முதல் 'பூ உதிரும்' எழுதிவிட்டு மூலத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார். கண் இரண்டாவது 'பூ உதிரும்' மேல் விழுந்தது. அங்கிருந்து தொடர்ந்துவிட்டார். நடுவில் இருந்தது போச்சு. கம்போசிட்டர்கள் செய்யும் தப்பு இது, அச்சு அசலாக. எங்கள் அச்சகத்தில் 'வரி முழுங்கிடுச்சு' என்போம். அப்புறம் இன்னொரு கை வந்து, வேறு மாதிரி எழுத்தில், விட்டதை வரிக்கு மேலே நெருக்கி எழுதுகிறது. இடம் போதவில்லை. பத்தியின் இடது ஓரத்தில் கீழ்நோக்கித் திருப்பி எழுதி முடிக்கிறது. கடவுள் பெயர் வரும் இடத்தில் பெயரை எழுதாமல் நான்கு புள்ளி.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். காவலாளி வந்து நகரச் சொன்னார். திருத்தியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஓரத்தில் திரும்பும் இடத்தில் அவர் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது. எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

கீழ்த்தளத்தில் அலெப்போ கோடெக்ஸ், சுமார் 930-இல் திபேரியாவில் எழுதியது. எபிரெயம் மெய்யெழுத்தை மட்டும் எழுதும் மொழி. உயிரொலி வாசிப்பவர் நாக்கில் இருந்தது. நம் ஓலைச் சுவடியில் மெய்க்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், படிப்பவர்தான் ஊகிக்கவேண்டும். கிட்டத்தட்ட அந்தச் சிக்கல். திபேரியாவின் மசோரா அறிஞர்கள் ஓர் எழுத்தையும் தொடாமல், மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்டு வாசிப்பைக் கட்டிவைத்தார்கள். ஓரங்களில் பொடி எழுத்தில் இந்தச் சொல் வேதத்தில் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு. இந்தப் பிரதிக்குப் புள்ளியிட்டவர் ஆரோன் பென் ஆஷேர். அதைவிடக் கச்சிதமான பிரதி இல்லை என்று பெயர் வாங்கி, சிலுவைப்போர்க்காரர்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு, கெய்ரோ போய், சிரியாவின் அலெப்போ நகரில் அறுநூறு வருஷம் பூட்டுப் போட்ட பெட்டியில் இருந்தது. 1947 டிசம்பர் கலவரத்தில் அந்த ஜெப ஆலயம் எரிந்தது. 1958-இல் எருசலேமுக்கு வந்தபோது ஏறக்குறைய ஐந்நூறு தாளில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிச்சம். மோசேயின் முதல் ஐந்து புத்தகமான ஐந்தாகமத்தில் பெரும்பகுதி இல்லை. ஒரு துண்டு மட்டும் புரூக்ளினில் ஒருவர் மணிபர்ஸில் தாயத்து மாதிரிப் பல வருஷம் இருந்திருக்கிறது.

பூட்டி வைத்தது எரிந்தது. கெய்ரோவில் பொந்துக்குள் போட்டது பிழைத்தது.

ஏழாம் நாள் – எருசலேம்

மத்தியானம் வரை ஓய்வு. கூட்டம் ஒலிவமரச் சிலுவை வாங்கப் போனது. நாங்கள் இருவரும் யூதர் பகுதியில் ஒரு சோஃபேரின் கடைக்குப் போனோம். சோஃபேர் என்றால் வேதம் எழுதுபவர். வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம், அவரே உள்ளே கூப்பிட்டார். ஆங்கிலம் நன்றாகப் பேசினார்.

சாய்வு மேஜையில் ஒரு தோல் தாள். மையில்லாமல் கூர்முனையால் கீறிய கோடுகள், எழுத்துகள் கோட்டின்மேல் உட்காராமல் கோட்டிலிருந்து தொங்குகின்றன, கொடியில் துணி மாதிரி. வாத்து இறகு. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுகிறார், எத்தனை வருஷம் எழுதினாலும் மனப்பாடமாக எழுதக்கூடாதாம். ஐந்தாகமத்துக்கு 3,04,805 எழுத்து. ஓர் எழுத்து தப்பினாலும் சுருளை ஆலயத்தில் வாசிக்க முடியாது. தப்பைக் கத்தியால் சுரண்டித் திருத்தலாம், கடவுள் பெயரைச் சுரண்டக்கூடாது. அதில் தப்பினால் அந்தத் தாளே கெனிசாவுக்கு. முடிந்த தாளை ஆள் வைத்துப் பார்த்து, பிறகு ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலும் பார்க்கிறார்கள். நானும் புரூஃப் பார்ப்பவன் என்றேன். எழுந்து கை கொடுத்தார்.

எங்கள் 66, 73 வழக்கைச் சொன்னோம். அவருக்கு அது வேடிக்கை. அவருக்கு 24 புத்தகம், என் பழைய ஏற்பாட்டின் 39-தான், எண்ணும் முறை வேறு. "யார் தீர்மானித்தது?" என்றாள் மனைவி. யாவ்னே என்ற ஊரில் கி.பி. 90 வாக்கில் ஒரு சங்கம் கூடி முடிவெடுத்தது என்று நான் பழைய புத்தகத்தில் படித்திருந்தேன். அப்படி ஒரு கூட்டம் நடந்ததற்கு ஆதாரமில்லை என்று இப்போது பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலிருந்து சொன்னார்: கேள்வி, எது வேதம் என்பதே இல்லை. எது 'கையைத் தீட்டாக்கும்' என்பதுதான். வேதச் சுருளைத் தொட்டால் கை தீட்டு.

எங்களுக்குத் தலைகீழாகப் பட்டது. காரணம் எலி. ஆசாரியருக்கான புனிதத் தானியத்தையும் சுருளையும், இரண்டும் புனிதம்தானே என்று ஒன்றாக வைத்தார்கள். எலி தானியத்துக்கு வந்து சுருளையும் கடித்தது. சுருளுக்குத் தீட்டு என்று விதித்துவிட்டால் யாரும் பக்கத்தில் சோறு வைக்கமாட்டார்களே. ஆகவே, உன்னதப்பாட்டு கையைத் தீட்டாக்குமா, பிரசங்கி தீட்டாக்குமா என்றெல்லாம் தர்க்கம் நடந்தது. மற்றவை எல்லாம் பரிசுத்தம் என்றால் உன்னதப்பாட்டு மகா பரிசுத்தம் என்று ரப்பி அகிபா அடித்துச் சொன்னார்.

பேசிக்கொண்டே எழுதியவர் நிறுத்தினார். ஒரு யோத் காலை இழுத்துவிட்டதோ என்று சந்தேகம். யோத் எபிரெயத்தில் இருப்பதிலேயே சின்ன எழுத்து, 'ஒரு சிறு எழுத்தாகிலும்' என்று மத்தேயுவில் வருவது அதுதான். காலை நீட்டினால் அது வாவ் என்ற வேறு எழுத்தாகிவிடும். பூதக்கண்ணாடியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

ஆறேழு வயதுப் பையன் வந்தான், தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன். இப்படிச் சந்தேகம் வந்தால் எழுத்து தெரிந்த, ஆனால் அர்த்தம் புரியாத ஒரு குழந்தையிடம்தான் கேட்கவேண்டுமாம். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளையும் கூடாது, அது சொல்லை ஊகித்துவிடும். மனைவி இருபத்தெட்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். மேஜை பக்கம் நகர்ந்து நின்றாள்.

அவர் பக்கத்து எழுத்துகளை இரண்டு தாளால் மூடினார். நடுவில் அந்த ஒரே எழுத்து. பையன் முகத்தைத் தாளுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனான். எங்களைப் பார்த்தான். திரும்ப எழுத்தைப் பார்த்தான்.

"யோத்" என்றான். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அவர் கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த சொல்லை வாய்விட்டுச் சொன்னார்.